விண்கலக் காற்றில் மாசு வரம்பு: கார்பன் டை ஆக்சைடை முன்வைத்து

தொழிற்சாலைக்குரிய மாசு வரம்பு, நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் உழைத்து வீடு திரும்புபவரை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. விண்வெளி வீரர் இரவுபகலாக ஒரே காற்றைச் சுவாசிக்கிறார். எனவே நாசா, அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழுவின் துணையுடன், 1 மணி, 24 மணி, 7, 30, 180 நாள் எனக் காலத்திற்கேற்ப வரம்புகளை வகுத்தது; 1000 நாளுக்குரியது பின்னர்ச் சேர்ந்தது. குறுகியகால வரம்பு அவசரநிலைக்குரியது; லேசான, மீளக்கூடிய பாதிப்பை ஏற்கும், செயல்திறன் குன்றுவதை ஏற்காது. நெடுங்கால வரம்பில் அச்சலுகை இல்லை.

கார்பன் டை ஆக்சைடுக்கு 180 நாள் வரம்பு பத்து லட்சத்தில் 7000 பங்கு; 1000 நாளுக்கு 5000. (திறந்தவெளியில் ஏறத்தாழ 420.) ஆயினும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 7000-க்கும் குறைந்த செறிவிலேயே வீரர்கள் தலைவலியைத் தெரிவித்தனர். இதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று கவனத்திற்குரியது. எடையற்ற நிலையில் வெப்பக்காற்று மேலெழுவதில்லை. காற்றோட்டம் குன்றிய இடத்தில் உறங்குபவரின் வெளிமூச்சு முகத்தருகே தேங்குகிறது. அறையின் உணரி காட்டுவது பொதுச்செறிவு; அவர் சுவாசிப்பது அதனினும் மிகுதியாக இருக்கலாம். ஆதலின் எண்ணைத் தாழ்த்துவதோடு, எங்கே அளப்பது என்பதையும் வரம்பின் பகுதியாகவே கொள்ளவேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. நிலையத்தின் அன்றாட இயக்க அளவோ ஏற்கெனவே 7000-க்குக் கீழே கொணரப்பட்டுள்ளது.