மருந்து மென்சவ்வைக் கடக்குமாறு

நோய் தலையிலாயினும் காலிலாயினும் மருந்தைப் பெரும்பாலும் வாயாலேயே உட்கொள்ளுகின்றோம். விழுங்கிய மாத்திரை இரைப்பையிற் கரைந்தவுடன் உடலினுட் சென்றுவிட்டதெனக் கருதுதல் பொருந்தாது. உணவுக்கால்வாயின் உள்வெளி உண்மையில் உடலுக்குப் புறம்பானதோர் இடமேயாகும். அதன் சுவரை மூடிநிற்குங் கலங்களைக் கடந்து குருதியை அடைந்த பின்னரே மருந்து உடலெங்கும் பரவித் தன் தொழிலைச் செய்யவல்லதாகும். அக்கலங்களின் எல்லையாய் அமைந்த மென்சவ்வை அது கடக்குமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

மென்சவ்வின் இயல்பை முதலில் உணர்த்தியவருள் ஒருவர் ஏணஸ்ற் ஓவேற்றன் என்பார். 1890களில் சூரிச் நகரில் ஆராய்ச்சி செய்த அவர், எண்ணெயில் எளிதிற் கரையும் பொருள்கள் கலத்தினுள் விரைந்து புகுகின்றன எனக் கண்டார். கலத்தின் எல்லை கொழுப்பியல்புடையது என்பது இதனாற் பெறப்பட்டது. 1925 ஆம் ஆண்டில் ஒல்லாந்தரான கோட்டர், கிரெண்டல் என்போர் செங்குருதிக்கலங்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து நீரின்மேற் பரப்பினர். அது அக்கலங்களின் மேற்பரப்பைப்போல் இருமடங்கு இடத்தைக் கொள்ளவே, மென்சவ்வு ஈரடுக்கானது எனத் துணிந்தனர். அவ்வீரடுக்கிற் புரதங்கள் பதிந்து மிதக்கின்றன என்னுங் கொள்கையைச் சிங்கர், நிக்கொல்சன் என்போர் 1972 இல் வெளியிட்டனர்.

கொழுப்பிற் கரைவதே கடக்குமாயின், ஒரே மருந்து ஓரிடத்தில் எளிதாகவும் பிறிதோரிடத்தில் அரிதாகவுங் கடப்பது யாங்ஙனம்? மருந்துகளுட் பல மென்னமிலங்களோ மென்மூலங்களோ ஆதலே அதற்கு விடை. அவற்றின் மூலக்கூறு மின்னேற்றமின்றி இருக்கையிற் கொழுப்பிற் கரையும். அயனாய்ப் பிரிந்தால் நீரையே நாடும். அஸ்பிரினை எடுத்துக்கொள்வோம். பீ.எச். 3.5 அளவில் அதன் மூலக்கூறுகளிற் சரிபாதி அயன்களாய் நிற்கும். அவ்வளவிலிருந்து பீ.எச். ஓரலகு மாறுந்தோறும் இவ்விகிதம் பத்து மடங்கால் மாறும். எனவே, பீ.எச். 1.5 ஆகிய இரைப்பைச் சாற்றில் ஓர் அயனுக்கு 100 மூலக்கூறுகள் பிரியாதிருக்கும். பீ.எச். 7.4 ஆகிய குருதியிலோ பிரியாத மூலக்கூறு ஒன்றுக்கு அயன்கள் ஏறத்தாழ 8000 ஆகும். குருதியுட் புகுந்த மருந்து அயனாகி, மீளவியலாது சிறைப்படுகின்றது. இவ்விளக்கத்தை ஐக்கிய அமெரிக்காவிற் புறோடியும் உடனாய்ந்தோரும் 1957 இல் வகுத்துரைத்தனர்.

இதனால் உயிர்காக்கும் பயனும் உண்டு. அஸ்பிரினை அளவுமீறி உண்டவர்க்கு வைத்தியர் சோடியமிருகாபனேற்றை நாளத்தின் வழியே ஏற்றுவர். சிறுநீர் காரத்தன்மை அடையவே, சிறுநீரகக் குழாயை அடைந்த சலிசிலிக்கமிலம் அங்கே அயனாய்ச் சிறைப்பட்டு, குருதிக்கு மீளாது வெளியேறும்.

இனி, அஸ்பிரின் இரைப்பையிலேயே பெரும்பாலும் உறிஞ்சப்படும் என முடிவு செய்தல் தவறாகும். சிறுகுடலிற் சடைமுளைகளும் அவற்றின் கலங்களிலுள்ள நுண்முளைகளுஞ் சேர்ந்து ஏறத்தாழ 30 சதுரமீற்றர் பரப்பை அளிக்கின்றன. அங்கே பிரியாத மூலக்கூறுகள் சிலவேயாயினும், அவை கடக்குந்தோறும் அயன்கள் சில மீண்டும் இணைந்து அவ்விடத்தை நிரப்பும். ஆகவே பரப்பின் மிகுதி அயனாதலின் தடையை வென்றுவிடுகின்றது. உணவு இரைப்பையை விட்டகலத் தாமதிப்பின், மருந்தின் பயனுந் தாமதிக்கும்.

தாமாகப் பரவவியலாத சில மருந்துகளைப் புரதங்கள் சுமந்துசெல்லும். பாக்கின்சன் நோயிற் குறையும் டோபமீன் குருதியிலிருந்து மூளையுட் புகமாட்டாது. அதன் முன்னோடியாகிய லெவோடோப்பா என்னும் அமினோவமிலம் அமினோவமிலங்களுக்குரிய காவிகளால் ஏற்றிச்செல்லப்படும். புரதம் மிக்க உணவை உடனுண்டால் அவ்வுணவின் அமினோவமிலங்கள் அக்காவிகளுக்குப் போட்டியிட, மருந்தின் பயன் குன்றும். புகுந்த மருந்தை வெளியே தள்ளும் புரதங்களும் உள. ஜூலியானோ, லிங் என்போர் 1976 இல் விவரித்த பீ-கிளைக்கோப்புரதம் அத்தகையது. புற்றுநோய்க் கலங்கள் மருந்துகளை எதிர்த்துநிற்பதற்கு இதுவுமொரு காரணமாகும்.

ஆகவே, இம்மருந்தை உணவுக்கு முன்னரும் அம்மருந்தை உணவுக்குப் பின்னரும் உண்க என வைத்தியர் விதிப்பது வெறும் வழக்கமன்று. ஒரு மில்லிமீற்றரின் ஏறத்தாழ இரண்டு இலட்சத்திலொரு பங்கு தடிப்பேயுடைய மென்சவ்வின் இயல்பு அவ்விதிகள் பலவற்றிற்கு அடிப்படையாய் நிற்கின்றது. அதனை அறிந்து ஒழுகுதல் நோயாளர்க்கும் அவரைப் பேணுவோர்க்கும் நன்மை பயக்கும்.