தாத்தா சொன்னது கதை இல்லை

எங்கள் ஊரில் என் தாத்தாவைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "மிலிட்டரிக்காரர் வீடு எது?" என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கை காட்டும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் போகிற ரோட்டில், ஒரகடத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். இன்றைக்கு அந்த ரோட்டில் புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு போகும் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. நான் சிறுமியாக இருந்தபோது இரண்டு பக்கமும் பனைமரம், ஏரி, கடலைக்கொல்லை. அவ்வளவுதான்.

தாத்தா 1956-ல் பெங்களூருக்குப் போய் மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்தவர். பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. அந்தப் படையில் இருப்பவர்களை ராணுவத்தில் 'தம்பி' என்றுதான் அழைப்பார்களாம். "எழுவது வயசானாலும் நான் தம்பிதான்" என்று சொல்லிச் சிரிப்பார். வேலை போக மீதி நேரமெல்லாம் ஹாக்கி. கம்பெனி டீமில் ஆடினாராம். (கம்பெனி என்றால் இப்போது எங்கள் பக்கம் இருக்கிற கார் கம்பெனி இல்லை, பட்டாளத்துக் கம்பெனி!)

1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை வந்தபோது பசந்தர் ஆற்றுப் பக்கம் இருந்திருக்கிறார். நம் டாங்கிகள் ஆற்றைக் கடக்க வேண்டுமானால், எதிரி புதைத்து வைத்த கண்ணிவெடிகளைச் சாப்பர்கள் முதலில் எடுத்து வழி பண்ண வேண்டும். அந்தச் சண்டையில்தான் 21 வயதே ஆன அருண் கேத்ரபால் வீரமரணம் அடைந்து பரம்வீர் சக்ரா பெற்றார். என் தாத்தா இடது காலை முழங்காலுக்குக் கீழே விட்டுவிட்டு வந்தார். அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்டால், "இருட்டு. குளிரு. அப்புறம் ஆஸ்பத்திரி" என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிடுவார். ஹாக்கியைப் பற்றிக் கேட்டால் விடிய விடியப் பேசுவார்.

புனாவில் ராணுவத்தின் செயற்கைக்கால் மையத்தில் கால் பொருத்தி, நடக்கப் பழக்கி அனுப்பினார்கள். அந்தக் காலை என் ஆயா பார்த்துக்கொண்டதைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. ராத்திரி தாத்தா வாரைக் கழற்றியதும் ஆயா வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்து, ஈரம் போக ஒற்றி, குட்டிகூரா பவுடர் போடுவார். காலுக்கு மாட்டும் கம்பளி உறையைத் தினம் துவைத்து, பிள்ளைகள் கை படாமல் தனிக் கொடியில் காயப்போடுவார். கோடையில் வியர்த்து, உரசி, புண்ணாகிவிடும். "நாளைக்கு ஒரு நாளு சும்மா கெடங்களேன்" என்று ஆயா கெஞ்சுவார். காலை ஐந்து மணிக்கு விசில் சத்தம் கேட்கும்!

ஊர் மேய்ச்சல் வெளியில் பையன்களுக்குக் கபடியும் ஓட்டமும் பழக்கினார். காசு வாங்கமாட்டார். லேட்டாக வந்தால் திட்டு, சரியாக வந்தால் வேர்க்கடலை. ரேடியோவில் மேட்ச் என்றால் வீட்டில் யாரும் மிக்ஸி போடக்கூடாது. 1975-ல் கோலாலம்பூரில் நாம் பாகிஸ்தானை 2-1 என்று ஜெயித்து ஹாக்கி உலகக்கோப்பை வாங்கியதை டீக்கடை டிரான்சிஸ்டரில் கேட்டுவிட்டு, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். 1984 ஒலிம்பிக்கில் பி.டி. உஷா நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலத்தை விட்டாரே, அப்போது வீட்டில் பிறந்த கன்றுக்குட்டிக்கு உஷா என்று பெயர் வைத்தார். அது ஓடவே ஓடாது என்பது வேறு விஷயம்.

நான் ஏழாவது படிக்கும்போது என்னையும் ஓடச் சொன்னார். எனக்கு 800 மீட்டர். பின்னால் சைக்கிளில் வந்துகொண்டே எச்.எம்.டி. வாட்ச்சைப் பார்த்து நேரம் சொல்வார். "வயசுக்கு வந்த பொண்ண தெருவுல ஓடவுடறாரே" என்று பேசாத வாய் இல்லை. தாத்தாவுக்குக் காது கேட்காதது போல இருக்கத் தெரியும்.

2000-ல், நான் பிளஸ் டூ படித்தபோது, காஞ்சிபுரத்தில் மாவட்ட அளவில் இரண்டாவதாக வந்தேன். அடுத்து திருச்சியில் போட்டி. இரண்டு ராத்திரி தங்க வேண்டும். அப்பா ஒரே பேச்சில் "வேணாம்" என்றுவிட்டார். மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்த நேரம். நாளைக்கு யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் என்ற பயம்.

தாத்தா அன்றைக்குக் கத்தியதை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. "டேய், எங்க பட்டாளத்துல ஒருத்தன், 65 சண்டையில முதுகெலும்புல குண்டு பாஞ்சி இடுப்புக்குக் கீழ வெளங்காமப் போனவன், ஜெர்மனிக்குப் போயி நீச்சல்ல தங்கம் வாங்கினான்டா. நான் புனாவுல இருக்கச்சே அதே பேச்சு. ரெண்டு காலும் நல்லா இருக்கிற பொண்ணு திருச்சிக்குப் போவக் கூடாதா?" என்றார்.

இந்தக் கதையை நாங்கள் நூறு தடவை கேட்டிருக்கிறோம். "எல்லாம் பட்டாளத்துக் கதைப்பா. அப்படி ஒருத்தன் இருந்தா பேப்பர்ல வராதா? பாடப் புத்தகத்துல வராதா?" என்றார் அப்பா. சித்தப்பா சிரித்தார். தோழிகளே, நானும் சிரித்தேன். அது மட்டும் இல்லை. தாத்தா என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு பாப்பா, போறியா?" என்று கேட்டபோது, அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணாம் தாத்தா, பரீட்சை இருக்கு" என்று சொன்னேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை ஐந்து மணிக்கு வழக்கம் போல விசில் கேட்டது. நான் எழுந்து போகவில்லை. 2003-ல் எனக்குக் கல்யாணம் ஆகி ஸ்ரீபெரும்புதூர் டவுனுக்கு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் எங்கள் பக்கம் எப்படி மாறியது என்பது இந்த ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லேயே காரை வெளியே விட்டுவிட்டது. 2006-ல் நோக்கியா வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான். நான் தாய்வீட்டுக்குப் போயிருந்த ஒரு ராத்திரி, கம்பெனி பஸ் வந்து எங்கள் தெருமுனையில் நின்றது. பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர், கழுத்தில் அடையாள அட்டையோடு, நைட் ஷிப்டுக்கு ஏறிப் போனார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தா பஸ் மறைகிற வரை பார்த்துவிட்டு, "போவட்டும். நல்லாப் போவட்டும்" என்றார். குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

2014-ல் தாத்தா போய்விட்டார், 76 வயதில். அவருடைய பச்சை டிரங்குப் பெட்டியை ஆயா என்னைத்தான் திறக்கச் சொன்னார். பென்ஷன் புத்தகம், கேன்டீன் கார்டு, விசில். அடியில் ஒரு அட்டைப்பெட்டியில் வெள்ளை கேன்வாஸ் ஷூ, பெண்கள் அளவு ஐந்து. உள்ளே திணித்திருந்த பேப்பரில் தேதி பார்த்தேன். 2000-ம் வருஷம். திருச்சிக்கு என்று வாங்கியிருக்கிறார். ஆயாவுக்குக்கூடத் தெரியாது.

2018 ஜனவரியில் பத்மஸ்ரீ விருதுப் பட்டியல் வந்தது. முரளிகாந்த் பேட்கர், மகாராஷ்டிரா. ராணுவ வீரர், முன்னாள் குத்துச்சண்டைக்காரர். 1965 போரில் குண்டடி பட்டு முதுகெலும்பில் குண்டு தங்கியவர். 1972-ல் மேற்கு ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் 37.33 விநாடியில் உலக சாதனையோடு தங்கம். இந்தியாவுக்குப் பாராலிம்பிக்கில் கிடைத்த முதல் தங்கமே அவருடையதுதான். நாற்பத்தாறு வருஷம் கழித்து நாடு ஞாபகம் வைத்துக் கூப்பிட்டிருக்கிறது. (2024-ல் அவர் கதையை 'சந்து சாம்பியன்' என்று ஹிந்தியில் படமே எடுத்தார்கள். போன வருஷம்தான் தெரிந்தது என்று யாராவது சொன்னால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. வீட்டில் ஒருவர் முப்பது வருஷம் சொல்லியே எங்களுக்குத் தெரியவில்லையே.)

அந்த விவரத்தை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. கத்தரிக்கோல் கேட்டார். வெட்டி எடுத்து, தாத்தா படத்துக்குப் பின்பக்கம் செருகி வைத்தார்.

என் மகளுக்கு இப்போது பதினைந்து வயது. ஷூவைக் கொடுத்துப் பார்த்தேன். அவள் கால் ஏழாம் நம்பர், தவிர ரப்பர் உளுத்து மாவாகிவிட்டிருந்தது. அவளுக்கு ஓட்டமும் பிடிக்காது. கபடி. "மண்ணுல ஆட எதுக்கும்மா ஷூ?" என்கிறாள். அவள் அப்பா முதலில் தயங்கினார். வெளியூர் மேட்ச், யார் கூடப் போவது என்று. "நான் போறேன்" என்று என் அப்பாதான் எழுந்தார்.

போன மாதம் மேட்ச் முடிந்து வந்ததும் மகள் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்: "தாத்தாவை நடுவர் ரெண்டு தடவை உட்காரச் சொன்னாரும்மா. ரெய்டுக்கு முப்பது செகண்டுதானே, ஒவ்வொரு ரெய்டுக்கும் கைக்கடிகாரத்தைப் பார்த்து சத்தமா எண்ணிக்கிட்டே இருக்காரு."

அது சாவி கொடுக்கிற பழைய எச்.எம்.டி. தினம் காலையில் அப்பாதான் அதற்குச் சாவி கொடுக்கிறார்.

– ஒரு வாசகி, ஸ்ரீபெரும்புதூர்.