ஓட்டுநருக்கு ஏன் குமட்டுவதில்லை?

நல்லம்பள்ளியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “யாரோ திட்டுவது காதில் விழுகிறது என்கிறான் தம்பி. வேலைக்கும் போவதில்லை. டாக்டர் மனச்சிதைவு என்கிறார். பொய் சொல்கிறானா?”

இல்லை அம்மா. அவருக்கு உண்மையாகவே கேட்கிறது.

நீங்கள் சேலம் போகும் பேருந்து தொப்பூர் கணவாயில் வளையும்போது பயணிகளுக்குக் குமட்டும், ஓட்டுநருக்குக் குமட்டாது. ஸ்டியரிங் பிடித்த கைக்கு அடுத்த வளைவு முன்பே தெரியும். மூளையும் உடலுக்கு ஆணையிடும்போதே, ‘இது நம் வேலை’ என்று அதன் நகலைத் தன் புலனுணர்வுப் பகுதிகளுக்கு அனுப்பிவிடுகிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்ட முடியாதது இதனால்தான். 2000இல் சாரா-ஜேன் பிளேக்மோர் குழுவினர், குரல் கேட்கும் நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். தானே தொட்டதும் பிறர் தொட்டதும் அவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

மனதுக்குள் பேசுவதும் ஒரு செயல்தான். அதன் நகல் போய்ச் சேராவிட்டால் சொந்தப் பேச்சே அந்நியக் குரலாகிவிடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குரல் கேட்கும் வேளையில், பேச்சை உருவாக்கும் புரோக்கா பகுதியில் இரத்த ஓட்டம் கூடுவதை 1993இல் லண்டனில் மெக்குவயர் குழு 12 பேரிடம் கண்டது. தன் கைதான் திருப்புகிறது என்று அறியாத ஓட்டுநரை நினைத்துப் பாருங்கள். கண்டக்டரைச் சந்தேகிப்பார், பயணிகள் சதி செய்வதாக அஞ்சுவார், கடைசியில் வண்டியை ஓரங்கட்டி, யாரோடும் பேசாமல் உட்கார்ந்துவிடுவார். வேலையும் படிப்பும் நட்பும் இப்படியும் நின்றுபோகலாம்.

ஆனால் இது முழு விளக்கமல்ல. குரல் ஏன் திட்டுகிறது என்பதற்கு இதில் பதில் இல்லை. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க நோயாளிகள் பலருக்கு வன்முறைக் குரல்கள் கேட்டன. சென்னையில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, வேலை ஏவும் உறவினர் குரல்கள். ஆக, வாழும் வீடும் குரலுக்குள் புகுந்துகொள்கிறது. அதனால், நோயை ஒரே ஸ்கேனில் கண்டுபிடிக்கலாம், ஒரே மருந்தில் குணமாக்கலாம் என்பவர்களை நம்பாதீர்கள்.

இந்த நோய்க்கான சிகிச்சையின் வரலாறு சுருக்கம்தான்: 1952இல் முதல் மருந்து குளோர்புரோமசின், 1984இல் சென்னையில் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃப். அதன் பிறகும், 2001இல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள்.

தம்பியிடம் ‘எனக்கும் கேட்கிறது’ என்று சொல்ல வேண்டாம்; ‘பொய்’ என்றும் சொல்ல வேண்டாம். ‘எனக்குக் கேட்கவில்லை, உனக்குக் கேட்கிறது, பயமாக இருக்கிறதா?’ என்று கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரவில் தவித்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே பேசலாம். மிரண்டுபோன ஓட்டுநருக்கு, பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல ஓர் ஆள் தேவை.