மணமூட்டிய சுருட்டும் பஞ்சுத் தூசியும்

சுருட்டும் அதில் ஏற்றப்படும் மணமும்

கோவை–திருச்சி நெடுஞ்சாலையில் காங்கேயத்துக்கும் கரூருக்கும் இடையே, நூற்பாலைகளும் விசைத்தறிகளும் நிறைந்த ஊராக வெள்ளகோவில் அமைந்துள்ளது. அதே சாலை கிழக்கே சென்று சேரும் திருச்சியின் உறையூர்ப் பகுதியோ, ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் சுருட்டுக்குப் பெயர் பெற்றிருந்தது. 1887இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே திருச்சிச் சுருட்டின் சாம்பல் ஒரு துப்பாக இடம்பெறும் அளவுக்கு அதன் புகழ் கடல் கடந்து பரவியிருந்தது. வெல்லமும் பழ மணமும் சேர்த்துப் புகையிலையைப் பதப்படுத்தும் வழக்கம் இத்தொழிலுக்குப் புதிதன்று. அதன் இன்றைய வடிவமே ‘மணமூட்டிய சுருட்டு’, அதாவது காப்பி, வனிலா, மூலிகை, மது ஆகியவற்றின் மணத்தை இலை உறிஞ்சிக்கொள்ளுமாறு மூடிய அறையில் நாட்கணக்கில் வைத்திருந்து சுருட்டப்படுவது. சிலவற்றில் வாயில் வைக்கும் நுனியிலும் இனிப்பு பூசப்படுகிறது.

நாவின் மதிப்பீடும் உடலின் கணக்கும்

இத்தகைய சுருட்டை மதிப்பிடுவோர் மேலிலையின் வழவழப்பு, புகை தடையின்றி வருகிறதா என்பது, நெருப்பு ஒரே சீராக எரிவது, சாம்பல் உதிராமல் நிற்பது, மணம் கடைசி வரை நீடிப்பது ஆகியவற்றை ஆராய்ந்து, தொண்டையைக் காந்தாத சுருட்டை ‘மென்மையானது’ என்று வகைப்படுத்துகின்றனர். இந்த அளவுகோல்கள் அனைத்தும் கண்ணுக்கும் கைக்கும் நாவுக்கும் மூக்குக்கும் உரியவை. நுரையீரலோ வாயின் உட்தோலோ எதைப் பெற்றது என்பதை இவற்றில் ஒன்றுகூட அளப்பதில்லை. மென்மையான இலையில் நிகோடின் என்னும் அடிமைப்படுத்தும் பொருள் ஓரளவு குறைந்திருக்கலாம் என்பது உண்மையே. ஆயினும் ஒரு சிகரெட்டில் ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலை இருக்க, பெரிய சுருட்டு ஒன்றில் 5 முதல் 20 கிராம் வரை இருப்பதால், இலையில் குறைந்தது அளவில் ஈடுகட்டப்பட்டுவிடுகிறது.

புகையை உள்ளே இழுப்பதில்லை என்பது சுருட்டுப் பிடிப்போர் வழக்கமாகக் கூறும் சமாதானம். பெரும்பாலான சிகரெட்டுகளின் புகை அமிலத்தன்மை கொண்டிருப்பதால் அதன் நிகோடின் முக்கியமாக நுரையீரல் வழியே உட்செல்கிறது. சுருட்டின் புகை காரத்தன்மை கொண்டிருப்பதால், வாயில் தங்கும்போதே நிகோடின் கன்னத்தின் உட்தோல் வழியாக இரத்தத்தில் கலந்துவிடுகிறது. மேலும், இலையை நொதிக்க வைத்துப் பதப்படுத்தும் நாட்களில் நைட்ரோசமைன்கள் எனப்படும் புற்றுநோய் ஊக்கிகள் அதில் மிகுதியாக உருவாகின்றன. மேலிலையின் வழியே காற்று எளிதில் புகாததால் எரிதல் முழுமை பெறாமல் கார்பன் மோனாக்சைடும் கூடுகிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998இல் சுருட்டைப் பற்றித் தனி நூலே வெளியிட்டு, அன்றாடம் சுருட்டுப் பிடிப்போருக்கு வாய், குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று எடுத்துரைத்தது. வனிலா மணம் இவற்றுள் எதையும் நீக்குவதில்லை. கசப்பும் காந்தலுமே புதிதாகத் தொடங்கும் இளைஞரைத் தடுத்து நிறுத்தும் இயற்கையான எச்சரிக்கைகள் என்பதால், அந்த எச்சரிக்கையை மறைப்பதே மணமூட்டலின் மிகப் பெரிய தீங்கு எனலாம்.

சட்டத்தின் வரம்பு

2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டம் சுருட்டையும் உள்ளடக்கியது. 18 வயதுக்கு உட்பட்டோருக்கு விற்பதை அது தடை செய்கிறது. மணமூட்டலைத் தடுக்கும் பிரிவு அதில் இல்லை. அமெரிக்கா 2009இல் மணமூட்டிய சிகரெட்டுகளை விலக்கியபோதும், மென்தால் சிகரெட்டோடு சுருட்டும் அந்தத் தடைக்கு வெளியே நின்றுவிட்டது.

பஞ்சாலைத் தொழிலாளரின் நுரையீரல்

வெள்ளகோவில் போன்ற ஊரில் சுருட்டின் தீங்கு பற்றிய கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமிலும், இழைகளைச் சீவும் கார்டிங் பிரிவிலும் பறக்கும் தூசியில் பருத்திச் செடியின் துகள்களோடு பாக்டீரியாக்களின் நச்சும் கலந்திருக்கிறது. கழிவுப் பஞ்சில் நூல் நூற்கும் ஓப்பன் எண்ட் ஆலைகளில் இத்தூசி இன்னும் மிகுதி. இதை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பதால் வரும் நோய் பைசினோசிஸ் எனப்படுகிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதனை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்திருந்தது. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது இதன் தொடக்க அடையாளம். புகைபிடிக்கும் தொழிலாளரிடம் இந்நோய் அதிகமாகவும் கடுமையாகவும் காணப்படுவதால், ஷிப்டு முடிந்த களைப்பைப் போக்கும் என்று நம்பிப் பற்றவைக்கப்படும் மென்மையான சுருட்டு, ஏற்கெனவே தூசியால் சுருங்கிய மூச்சுக்குழல்களின் மீதே தன் சுமையை ஏற்றுகிறது.

கவனிக்க வேண்டியவை

வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரங்களில் ஆறாத புண், வாயைத் திறப்பதில் சிரமம், நீங்காத குரல் கரகரப்பு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அரசு மருத்துவமனையில் காட்டுவது அவசியம். விட விரும்புவோருக்கு 1800-11-2356 என்னும் தேசியக் கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கிறது. தேவைப்படின் நிகோடின் மெல்லும் பசையையோ ஒட்டுப் பட்டையையோ மருத்துவர் பரிந்துரைப்பார். இருமலுக்காக மருத்துவரிடம் செல்லும் ஆலைத் தொழிலாளர், எத்தனை ஆண்டுகள் எந்தப் பிரிவில் வேலை செய்தார் என்பதையும், எப்போதாவது பிடிக்கும் சுருட்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இவ்விரண்டில் ஒன்று விடுபட்டாலும் நோயின் காரணத்தைக் கண்டறிவது கடினமாகிவிடும்.