அஞ்சல்பெட்டியிடம் வாய்விட்டுக் கேட்கலாம். பதிலை அப்படியே நம்பலாமா?

திருச்சிக்குப் புறப்படும் நாள். பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு கைகளிலும் வேலை. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பதும் நினைவில் இல்லை. மேசைமேல் கிடக்கும் கைப்பேசியைப் பார்த்து, "என் திருச்சி விமானம் இன்று எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறீர்கள். சில விநாடிகளில் பதில் வருகிறது: "இரவு 9.40 மணிக்கு." நிம்மதியாகத் துணி மடிக்கத் தொடங்குகிறீர்கள்.

அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. பயணச்சீட்டு வாங்கிய அன்று வந்த மின்னஞ்சலில் 9.40 என்றுதான் இருந்தது. ஆனால், இரண்டு வாரங்களுக்கு முன்பு விமான நிறுவனம் இன்னொரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. 'உங்கள் முன்பதிவு குறித்த முக்கிய அறிவிப்பு' என்று பொதுவான தலைப்பு. நேரம் மாலை 6.25க்கு மாற்றப்பட்டதை அதன் நான்காம் பத்தியில் சொல்லியிருந்தார்கள். உங்கள் கைப்பேசி அந்த மின்னஞ்சலை எடுக்கவே இல்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், செயற்கை நுண்ணறிவால் இயங்கும் குரல் உதவிச் செயலிகள் மின்னஞ்சலை எப்படித் தேடுகின்றன என்று தெரிந்துகொண்டால், இது எவ்வளவு எளிதில் நடக்கக்கூடியது என்பது புரியும். தவிர்க்கும் வழியும் அதிலேயே இருக்கிறது.

அழிக்காமல் சேர்ந்த குவியல்

கணினி வலையமைப்பின் வழி முதல் மின்னஞ்சலை 1971ல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் அனுப்பினார். அதன்பின் பல்லாண்டு காலம் அஞ்சல்பெட்டி சிறியதாகவே இருந்தது. நிரம்பினால் பழையதை அழித்தாக வேண்டும். 2004 ஏப்ரல் 1ஆம் தேதி, ஒரு கிகாபைட் இடத்துடன் ஜிமெயில் அறிமுகமானபோது அந்தப் பழக்கம் மாறியது. எதையும் அழிக்க வேண்டாம், வேண்டும்போது தேடி எடுத்துக்கொள்ளலாம் என்றானது.

இன்று பலரது பெட்டியில் பத்தாயிரக்கணக்கான மின்னஞ்சல்கள் கிடக்கின்றன. வங்கி அறிக்கை, மருத்துவச் சந்திப்பு, பள்ளிக் கடிதம், தள்ளுபடி விளம்பரம் எல்லாம் ஒரே குவியல்.

2011ல் வந்த சிரி, 2014ல் வந்த அலெக்சா போன்ற குரல் உதவியாளர்கள் தொடக்கத்தில் குறிப்பிட்ட சில கட்டளைகளையே நன்றாகப் புரிந்துகொண்டன. அலாரம் வைக்கும், பாட்டுப் போடும். பெருமொழி மாதிரிகள் வந்த பிறகு நிலைமை மாறியது. 2023 செப்டம்பரில் கூகலின் பார்ட் (இன்றைய ஜெமினி) ஜிமெயிலுக்குள் தேடும் வசதியைப் பெற்றது. அவுட்லுக்கில் மைக்ரோசாஃப்ட்டின் கோபைலட் இதே வேலையைச் செய்கிறது. இப்போது நாம் சாதாரணமாகப் பேசும் வாக்கியத்திலேயே கேட்கலாம்.

ஒரு கேள்வி, நான்கு படிகள்

நீங்கள் கேட்டு முடித்ததற்கும் பதில் வந்ததற்கும் இடையிலான அந்தச் சில விநாடிகளில் குறைந்தது நான்கு வேலைகள் நடக்கின்றன.

முதலாவது, ஒலியை எழுத்தாக்குவது. இதில் எல்லா மொழிக்கும் சமமான பயிற்சி இல்லை. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022ல் வெளியிட்ட 'விஸ்பர்' என்ற பேச்சறி மென்பொருள் 680,000 மணி நேர ஒலிப்பதிவுகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி ஆங்கிலம். ஏறத்தாழ 117,000 மணி நேரத்தை ஏனைய 96 மொழிகள் பங்கிட்டுக்கொண்டன. நம் ஆங்கில உச்சரிப்பும், ஒரே வாக்கியத்தில் தமிழும் ஆங்கிலமும் மலாயும் கலக்கும் பழக்கமும் இத்தகைய மென்பொருளுக்குக் கூடுதல் சவால். சிங்கப்பூரின் தகவல் தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் 'தேசிய பேச்சுத் தொகுப்பு' ஒன்றை உருவாக்கியதற்கு இதுவே காரணம். உள்ளூர் ஆங்கிலப் பேச்சு, இடப்பெயர்கள், உணவுப்பெயர்கள், மொழி கலந்த உரையாடல்கள் ஆகியவை அதில் உள்ளன.

இரண்டாவது, கேள்வியைத் தேடலாக மாற்றுவது. 'இன்று' என்றால் எந்தத் தேதி? 'என் விமானம்' என்றால் பயணச்சீட்டா, விமான நிறுவனத்தின் விளம்பரமா? நீங்கள் சொல்லாமல் விட்டதையெல்லாம் செயலி ஊகித்துத் தேடுசொற்களாக மாற்ற வேண்டும்.

மூன்றாவது, தேடுவது. இதற்கு இரண்டு முறைகள் உண்டு. பழைய முறை, புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவு போன்றது. எந்தச் சொல் எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்ற பட்டியலைப் பார்க்கும். சொல் அப்படியே இருந்தால்தான் கிடைக்கும். நாம் 'திருச்சி' என்கிறோம். மின்னஞ்சலிலோ 'திருச்சிராப்பள்ளி' என்று இருக்கலாம். 'டிஆர்இசட்' என்ற விமான நிலையக் குறியீடு மட்டும்கூட இருக்கலாம். மனிதருக்கு மூன்றும் ஒன்று. சொல்லடைவுக்கு மூன்றும் வெவ்வேறு.

புதிய முறை, ஒவ்வொரு மின்னஞ்சலின் பொருளையும் நீண்ட எண் வரிசையாக மாற்றி வைக்கிறது. பொருள் நெருங்கியவற்றுக்கு எண்களும் நெருங்கியிருக்கும். அதனால் 'திருச்சி விமானம்' என்று கேட்டால் 'திருச்சிராப்பள்ளி பயண முன்பதிவு' அகப்படும். இது பெரிய வசதி. ஆனால், பொருளில் எது நெருக்கம் என்பதைத்தான் இம்முறை அளக்கிறது. எது கடைசியாக வந்தது, எது முந்தையதை ரத்துசெய்கிறது என்பதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். விவரம் நிறைந்த பழைய பயணச்சீட்டு, பொதுவான தலைப்புடன் வந்த புதிய அறிவிப்பைவிட உங்கள் கேள்விக்கு நெருக்கமாகத் தோன்றக்கூடும்.

நான்காவது, கிடைத்த சில மின்னஞ்சல்களை மொழி மாதிரி படித்துப் பதிலை அமைப்பது. முழுப் பெட்டியையும் அது படிப்பதில்லை. முந்தைய படி எடுத்துக் கொடுத்தது மட்டுமே அதன் கையில் உள்ளது. தவறான மின்னஞ்சல் வந்து சேர்ந்தால், அதிலிருந்து மிகச் சரளமான பதிலைத் தரும். சில வேளைகளில், இல்லாத விவரத்தைத் தானே இட்டு நிரப்பவும் செய்யும்.

காணாமல் போகும் பட்டியல்

மின்னஞ்சல் பெட்டியில் நீங்களே தட்டச்சு செய்து தேடினால் என்ன நடக்கும்? திரையில் பத்துப் பதினைந்து தலைப்புகள் வரிசையாக வரும். முதலில் இருப்பதைத் திறக்கப் போகும்போதே, 'முக்கிய அறிவிப்பு' என்ற தலைப்பும் அதன் தேதியும் கண்ணில் படும். "இது என்ன, போன வாரம்தானே வந்திருக்கிறது" என்று அதையும் திறப்பீர்கள். உங்களை அறியாமலே ஒரு சரிபார்ப்பு நடந்துவிடுகிறது.

குரலில் அந்தப் பட்டியல் இல்லை. ஒரே ஒரு பதில்தான். எத்தனை மின்னஞ்சல்களிலிருந்து அது வந்தது, எவை விடுபட்டன என்பது காதில் விழுவதில்லை. தயக்கமில்லாத குரலில் சொல்லப்படுவதால் நம்பவும் தோன்றுகிறது.

ஒலிக்கே உரிய வேறு சிக்கல்களும் உண்டு. ஆங்கிலத்தில் 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் அவசரத்தில் ஒன்றுபோலக் கேட்கும். விமான முன்பதிவு எண் எழுத்தும் இலக்கமும் கலந்த ஆறு குறிகள் கொண்டது. அதை வாசிக்கும்போது ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தா, பதினாறாம் எழுத்தா என்ற குழப்பம் வரும். தமிழில் எழுதினால் இரண்டும் 'பி'தான். விமானிகள் 'பிராவோ', 'பாப்பா' என்று சொல்வது இதனால்தான். 06/07 என்ற தேதி நமக்கு ஜூலை 6, அமெரிக்க நிறுவனத்துக்கு ஜூன் 7.

இதற்காகக் குரல் வசதியே வேண்டாம் என்று ஒதுக்கிவிட முடியாது. பார்வை குறைந்தவருக்கும், சிறிய எழுத்தைப் படிக்கச் சிரமப்படும் முதியவருக்கும், பக்கவாதத்தால் விரல் ஒத்துழைக்காதவருக்கும் அது பெரிய துணை. பிள்ளையின் உதவிக்குக் காத்திராமல் தம் மருத்துவச் சந்திப்பைத் தாமே கேட்டுத் தெரிந்துகொள்ள முடிவது அவர்களுக்குச் சிறிய விஷயம் அல்ல. அதே வேளையில், திரையைப் பார்த்துச் சரிபார்க்க முடியாதவர்களும் அவர்கள்தான். எனவே, சரியாகக் கேட்கும் பழக்கம் அவர்களுக்கே அதிகம் தேவை.

யார் வேண்டுமானாலும் எழுதலாம்

இன்னோர் ஆபத்தும் உண்டு. உங்கள் அஞ்சல்பெட்டி உங்களுடையது. அதில் எழுதுபவர்களோ வெளியார். முகவரி தெரிந்த எவரும், மோசடிக்காரர் உட்பட, அதற்குள் எதையும் அனுப்பலாம். மொழி மாதிரிக்கு, படிக்க வேண்டிய தகவலையும் கீழ்ப்படிய வேண்டிய கட்டளையையும் எப்போதும் பிரித்தறியத் தெரிவதில்லை. மின்னஞ்சலுக்குள் கட்டளையை ஒளித்து வைத்தால், உங்கள் செயலி அதை நீங்கள் சொன்னதாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

2025 ஜூனில் 'எக்கோலீக்' என்ற குறைபாடு வெளியானது. மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட் பயன்படுத்துபவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாலே போதும். அவர் எதையும் தட்டாமலேயே நிறுவனத்தின் உள்விவரங்களைக் கசியவைக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினர். மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்தது. வாடிக்கையாளர் எவரும் பாதிக்கப்படவில்லை என்றும் கூறியது. அடுத்த மாதமே இன்னொரு செயல்விளக்கம் வந்தது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒளித்த வரிகளைக் கொண்டு, ஜெமினி தரும் மின்னஞ்சல் சுருக்கத்தில் போலித் தொலைபேசி எண்ணைச் சேர்க்க முடிந்தது.

2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும், வாடிக்கையாளர்களுக்கு வங்கிகள் அனுப்பும் மின்னஞ்சல்களிலும் குறுந்தகவல்களிலும் தட்டக்கூடிய இணைப்புகளை நீக்கச் சொன்னது நினைவிருக்கலாம். மின்னஞ்சலில் உள்ள இணைப்பைச் சந்தேகிக்க நாம் கற்றுக்கொண்டோம். அந்த மின்னஞ்சலைப் படித்துச் சொல்லும் குரலையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டிய காலம் இது.

எப்படிக் கேட்பது?

பதில் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். "இது யார் அனுப்பியது, எந்தத் தேதியில் வந்தது?" என்று கேளுங்கள். அடுத்து, "அதற்குப் பிறகு இதே நிறுவனத்திடமிருந்து வந்த எல்லா மின்னஞ்சல்களின் தலைப்பையும் தேதியோடு சொல்" என்று கேளுங்கள். காணாமல் போன பட்டியலை இந்த ஒரு கேள்வி திரும்பக் கொண்டுவரும்.

தேடும்போது அனுப்பியவர், மாதம், இணைப்புக் கோப்பு போன்ற விவரங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். பணம், பயணம், மருந்து, நீதிமன்றம் தொடர்பானவற்றில் சுருக்கத்தை ஏற்காதீர்கள். "மின்னஞ்சலை அப்படியே வாசி" என்று சொல்லுங்கள், அல்லது திறந்து பாருங்கள். குரல் சொல்லும் தொலைபேசி எண்ணை அழைக்க வேண்டாம். நிறுவனத்தின் இணையத்தளத்திலோ வங்கி அட்டையின் பின்புறத்திலோ உள்ள எண்ணையே அழையுங்கள். சந்தேகம் இருந்தால் சிங்கப்பூரில் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணுடன் தொடர்புகொள்ளலாம்.

அமைப்புகளில் ஒருமுறை நுழைந்து, செயலிக்கு என்னென்ன அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். தேடிப் படிக்க அனுமதி கொடுப்பது வேறு; உங்கள் பெயரில் அனுப்பவும் அழிக்கவும் விடுவது வேறு. வரவேற்பறையில் எல்லாரும் பயன்படுத்தும் ஒலிபெருக்கியில் உங்கள் அஞ்சல்பெட்டியை இணைத்திருந்தால், விருந்தினர் கேட்டாலும் அது பதில் சொல்லுமா என்று சோதித்துவிடுங்கள்.

இப்போது அந்தத் திருச்சிப் பயணத்துக்கு வருவோம். "இரவு 9.40 மணிக்கு" என்று கைப்பேசி சொல்கிறது. துணி மடித்தபடியே, "அதன்பிறகு அவர்கள் வேறு ஏதாவது அனுப்பினார்களா?" என்று கேட்கிறீர்கள். "ஆம், இரண்டு வாரங்களுக்கு முன்பு ஓர் அறிவிப்பு வந்துள்ளது" என்கிறது. அதை வாசிக்கச் சொல்கிறீர்கள். கடிகாரத்தில் மணி மூன்று. விமானம் 6.25க்கு, இப்போதே வாடகை வண்டியை அழைத்தால் நேரம் இருக்கிறது.