ஒற்றை அறை வீட்டுக்கு ஏற்ற புகையில்லா விறகடுப்பு

மதுரைச் சமவெளிக் கிராமங்களில் சமையலுக்கெனத் தனி அறை இல்லாத வீடுகள் இன்றும் உள்ளன. ஒரு மூலையில் அடுப்பு, மறு மூலையில் தொட்டில், சுவரோரம் நெல் மூட்டை என்றிருக்கும் வீட்டில் அடுப்புப் புகை எல்லோருக்கும் பொதுவாகி விடுகிறது. 2016ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டத்தால் பல வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு கிடைத்துள்ளது. ஆயினும் வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும், சிலிண்டர் தீர்ந்த நாட்களில் உலை வைக்கவும் விறகடுப்பே துணை. கண்மாய்க் கரையில் சீமைக் கருவேலும், வயலில் பருத்திமாரும், தோப்பில் தென்னை மட்டையும் கிடைக்கும் வரை அது அணையப் போவதில்லை. எனவே, அந்த அடுப்பைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது அவசியமாகும்.

புகையால் விளையும் தீமை

விறகு, வரட்டி, கரி முதலியவற்றால் வீட்டுக்குள் காற்று மாசடைவதன் காரணமாக 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. குழந்தைகளுக்கு நிமோனியாவும், பெரியவர்களுக்கு நாட்பட்ட நுரையீரல் நோயும், கண்புரையும் வர இப்புகை காரணமாகிறது. அடுப்பருகே அதிக நேரம் இருக்கும் பெண்களே பெரிதும் பாதிக்கப்படுகின்றனர்.

புகை ஏன் வருகிறது?

விறகு முழுமையாக எரியாததே புகைக்குக் காரணம். செங்கல் காளவாசலில் காற்று நுழையவும் புகை வெளியேறவும் வழிவிட்டே கல் அடுக்குவார்கள். வீட்டு அடுப்புக்கும் அதே விதிதான். மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் 100க்கு 10 முதல் 15 பங்கே பாத்திரத்தைச் சேருகிறது. மேம்படுத்திய அடுப்பில் 25 பங்கு வரை சேரும். அதாவது, விறகுச் செலவு ஏறத்தாழப் பாதியாகக் குறையும்.

அடுப்பு வகைகள்

1. புகைபோக்கியுள்ள நிலையான அடுப்பு: மண்ணாலோ சிமெண்டாலோ கட்டப்படுவது. முன்னடுப்பில் சோறும், கொடியடுப்பில் குழம்பும் ஒரே தீயில் வேகும். புகை வீட்டுக்கு வெளியே போவதால் ஒற்றை அறை வீட்டுக்கு இதுவே ஏற்றது.

2. இடம் மாற்றக்கூடிய இரும்பு அடுப்பு: விறகு குறைவாகச் செலவாகும். ஆனால் புகைபோக்கி இல்லாததால் எஞ்சிய புகை அறையிலேயே தங்கும். தாழ்வாரத்திலோ வெளியிலோ வைத்துப் பயன்படுத்த வேண்டும்.

3. விசிறி பொருத்திய அடுப்பு: புகை மிகக் குறைவு. ஆனால் மின்சாரமோ மின்கலமோ தேவை. விறகைச் சிறு துண்டுகளாக நறுக்கவும் வேண்டும். இதையும் காற்றோட்டமான இடத்திலேயே வைக்க வேண்டும்.

கடையில் அடுப்பு வாங்குவோர் ஐ.எஸ். 13152 என்ற இந்தியத் தர எண்ணைப் பார்த்து வாங்கலாம். வழக்கமாகச் சமைக்கும் பானையை உடன் கொண்டு சென்று, அது அடுப்பில் சரியாக அமர்கிறதா என்று வைத்துப் பார்ப்பது நல்லது.

புகைபோக்கி அமைக்கும் முறை

அடுப்பை வெளிச்சுவரை ஒட்டி, தொட்டிலுக்கும் படுக்கைக்கும் தொலைவில் அமைக்க வேண்டும். 10 செ.மீ. விட்டமுள்ள சுட்ட மண் குழாய் அல்லது இரும்புக் குழாய் போதும். கல்நார்க் குழாயைத் தவிர்க்கவும். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. குழாய் கூரைக்கு மேல் குறைந்தது 60 செ.மீ. உயர்ந்திருந்து, மழை நீர் இறங்காதபடி தொப்பியும் இருக்க வேண்டும். ஓலைக் கூரையைத் துளைத்துக் குழாய் ஏற்றக் கூடாது, தீப்பொறி ஆபத்தாகும். கூரை வீட்டினர் சற்றுத் தள்ளி, தகரமோ ஓடோ வேய்ந்த சிறு கொட்டகையில் அடுப்பு அமைப்பதே பாதுகாப்பு.

அடுப்பு முடிந்ததும் அதன் வாயருகே எரியும் காகிதத்தைப் பிடிக்கவும். சுடர் உள்நோக்கிச் சாய்ந்தால் இழுப்பு சரி. வெளியே சாய்ந்தால் குழாயில் அடைப்போ உயரக் குறைவோ உள்ளது என்று அறியலாம்.

விறகைக் காய வைத்தல்

பச்சை விறகின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர்தான். ஒரு கிலோ பச்சை விறகிலுள்ள அரை லிட்டர் நீரை ஆவியாக்கவே சுமார் 300 கிலோ கலோரி வெப்பம் வீணாகிறது. அவ்வளவும் பாத்திரத்தில் சேர்ந்தால் 4 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். எனவே சீமைக் கருவேலைக் கோடையிலேயே வெட்டிப் பிளந்து வெயிலில் காய வைத்து, ஐப்பசி மழைக்கு முன் நனையாத இடத்தில் அடுக்கிவிட வேண்டும். அடுப்பு வாய் நிறைய விறகைத் திணிக்காமல், மேலே காற்று நுழைய இடம் விட்டுச் சிறிது சிறிதாக எரிக்க வேண்டும்.

பராமரிப்பு

மத்திய அரசு 1983ஆம் ஆண்டு தொடங்கி 2002 வரை நடத்திய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் பல அடுப்புகள் விரைவிலேயே கைவிடப்பட்டன. குழாயில் கரி அடைத்தது, மண் விரிசல் கண்டது, பாத்திரம் பொருந்தவில்லை என்பவை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். இவற்றைத் தவிர்ப்பது நம் கையில் உள்ளது. மாதம் ஒரு முறை, கயிற்றில் கட்டிய சாக்குச் சுருளைக் குழாயில் மேலும் கீழும் இழுத்துக் கரியை நீக்கவும். சாம்பலைத் தினமும் அள்ளவும். விரிசலைக் களிமண்ணும் சாணமும் குழைத்து உடனே பூசவும்.

தணல் கனன்று கொண்டிருக்கும்போது கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு உறங்குவது உயிருக்கு ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

எரிவாயு உள்ளவர்கள் வீட்டுக்குள் அதையே பயன்படுத்தி, விறகடுப்பை வெளியே வைத்துக் கொள்வது சிறந்தது. அவ்வாறு இயலாதவர்கள் புகைபோக்கியுள்ள அடுப்பை அமைத்து, காய்ந்த விறகை எரித்து, குடும்பத்தாரின் கண்ணையும் நெஞ்சையும் காத்துப் பயன் பெறலாம்.