இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் வளர்ச்சிப் பொருளியல்: இந்தோனேசிய இளநிலைப் படிப்பை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இந்தோனேசியாவின் இஸ்லாமியப் பல்கலைக்கழகங்களில் இளநிலை அளவில் கற்பிக்கப்படும் வளர்ச்சிப் பொருளியல் படிப்பின் பின்னணி, அமைப்பு, பயன் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இப்படிப்பின் தனித்தன்மை சமயப் பாடங்களைச் சேர்ப்பதில் அமையவில்லை. ஜகாத் போன்ற சமய ஏற்பாடுகளைப் பொருளியல் கருவிகளால் சோதித்தறிவதில் அமைகிறது என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

திறவுச்சொற்கள்: வளர்ச்சிப் பொருளியல், இந்தோனேசியா, உயர்கல்வி, ஜகாத், வறுமைக் கோடு

முன்னுரை

யோக்யகர்த்தா நகரிலுள்ள இந்தோனேசிய இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பெயரளவில் நெருங்கிய இரண்டு இளநிலைப் படிப்புகள் உள்ளன. ஒன்று இஸ்லாமியப் பொருளியல். அது சமயவியல் புலத்தைச் சார்ந்தது. மற்றொன்று வளர்ச்சிப் பொருளியல். அது வணிக, பொருளியல் புலத்தைச் சார்ந்தது. முன்னதன் பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. பின்னதோ நாட்டின் பிற பல்கலைக்கழகங்களிலும் அதே பெயரில் உள்ள படிப்பாகும். அவ்வாறாயின், ஓர் இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் அதனைப் பயில்வதால் மாணவர் பெறும் வேறுபாடு யாது? இவ்வினாவுக்கு விடை காண்பதே கட்டுரையின் நோக்கம்.

வரலாற்றுப் பின்னணி

இப்பல்கலைக்கழகம் 1945 ஜூலை 8 அன்று, விடுதலை அறிவிப்புக்கு நாற்பது நாள் முன்னதாக, ஜகார்த்தாவில் இஸ்லாமிய உயர்கல்விக்கூடமாகத் தொடங்கப்பட்டது. அதனை நிறுவியோருள் முதன்மையானவர் முகம்மது ஹத்தா. பின்னர் நாட்டின் முதல் துணைக் குடியரசுத் தலைவரான அவர் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பொருளியல் பயின்றவர். கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடி. ஆகவே, நிறுவனத்தின் தொடக்கத்திலேயே பொருளியல் சிந்தனைக்கு இடம் இருந்தது எனலாம்.

தலைநகர் யோக்யகர்த்தாவுக்கு மாறியபோது, 1946இல் கல்விக்கூடமும் அங்கு இடம்பெயர்ந்தது. 1948இல் பல்கலைக்கழகமாகச் செயல்படத் தொடங்கியபோது சமயம், சட்டம், கல்வியியல், பொருளியல் என நான்கு புலங்கள் இருந்தன. 1950இல் சமயப் புலத்தை அரசு ஏற்று, தனி அரசு உயர்கல்வி நிறுவனமாக்கியது. இதன் விளைவு கருதத்தக்கது: சமயப் புலம் அரசிடம் சென்றது, பொருளியல் புலம் தனியார் இஸ்லாமியப் பல்கலைக்கழகத்திலேயே தங்கியது.

அரசு நிறுவனங்கள் எதிர்த்திசையிலிருந்து வந்தன. நெடுங்காலம் சமயக் கல்விக்கே உரியனவாக இருந்த அவை, 2002இல் ஜகார்த்தாவிலும் 2004இல் யோக்யகர்த்தாவிலும் முழுப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றன. அதன் பின்னரே பொதுத்துறைப் பாடங்கள் அவற்றில் விரிவாக வேரூன்றின. ஜகார்த்தா நிறுவனத்தில் இன்று வளர்ச்சிப் பொருளியல் படிப்பும் உண்டு.

பாடத்திட்டத்தின் அமைப்பு

இந்தோனேசிய இளநிலைப் பட்டத்திற்குக் குறைந்தது 144 அலகுகள் முடித்தல் வேண்டும். இவை வழக்கமாக எட்டுப் பருவங்களில் பயிலப்படுகின்றன. நுண்பொருளியல், பேரினப் பொருளியல், புள்ளியியல், பொருளாதார அளவையியல், பொது நிதி, வட்டாரப் பொருளியல் ஆகியன இத்துறையின் அடிப்படைப் பாடங்கள்.

2012ஆம் ஆண்டின் 12ஆம் எண் உயர்கல்விச் சட்டம் சமயம், பஞ்சசீலம், குடியியல், இந்தோனேசிய மொழி ஆகிய நான்கையும் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் கட்டாயமாக்கியுள்ளது. சமயச் சார்பற்ற அரசுப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயிலும் மாணவரும் சமயப் பாடம் கற்கிறார் என்பதே இதன் பொருள். எனவே சமயப் பாடங்களின் எண்ணிக்கையைக் கொண்டு ஓர் இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை வேறுபடுத்துதல் பொருந்தாது. வேறுபாடு எடுத்துக்கொள்ளும் வினாக்களில் இருத்தல் வேண்டும். அத்தகைய வினாக்கள் எழக்கூடிய இரண்டு களங்கள் கீழே காட்டப்படுகின்றன.

ஜகாத்தும் பொது நிதியும்

இந்தோனேசியாவில் ஜகாத் 2011ஆம் ஆண்டின் 23ஆம் எண் சட்டத்தால் நெறிப்படுத்தப்படுகிறது. அதிகாரம் பெற்ற நிறுவனத்திடம் செலுத்திய ஜகாத்தை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அண்டை நாடான மலேசியாவிலோ தனிநபர் செலுத்திய ஜகாத் அவர் கட்டவேண்டிய வருமான வரியிலிருந்தே கழிக்கப்படுகிறது. இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் விளைவு வேறு. வருமானத்தின் மேற்பகுதிக்கு 15 விழுக்காடு வரி செலுத்தும் ஒருவர் 100 ரூபியா ஜகாத் கொடுத்தால், இந்தோனேசியாவில் அவரது வரி 15 ரூபியா குறையும். மலேசிய முறையில், கட்டவேண்டிய வரி போதிய அளவு இருப்பின், 100 அலகு ஜகாத்துக்கு 100 அலகு வரியும் குறையும். முதல் முறையில் சுமையின் பெரும்பகுதி கொடுப்பவருடையது. இரண்டாவதில் அரசுக் கருவூலத்துடையது. பள்ளிவாசல் வழியாகவோ நேரடியாகவோ ஏழைக்குக் கொடுப்பவர் அதிகாரம் பெற்ற நிறுவனத்தை நாடுவாரா என்ற வினா இங்கிருந்து பிறக்கிறது. இது சமயவியல் வினா மட்டுமன்று. வரி ஊக்கம் பற்றிய பொது நிதி வினாவும் ஆகும்.

அதே சட்டம், ஜகாத் நிதியைத் தொழில் முயற்சிகளுக்கும் பயன்படுத்தலாம் என்கிறது. ஆயின் பெறுவோரின் அடிப்படைத் தேவைகள் நிறைவேறிய பின்னரே எனவும் வரையறுக்கிறது. தொழில் முதல் பெற்ற ஒரு குடும்பத்தின் வருமானம் உயர்ந்தால், அவ்வுயர்வு ஜகாத்தால் விளைந்ததா? முனைப்புடைய குடும்பங்களே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் உதவி இன்றியும் அவற்றின் வருமானம் உயர்ந்திருக்கக்கூடும். ஒத்த நிலையிலிருந்தும் உதவி பெறாத குடும்பங்களோடு ஒப்பிடாமல் இதற்கு விடை கூற இயலாது. அளவையியல் பயிற்சியின் தேவை இங்கு வெளிப்படுகிறது.

இரண்டு கோடுகளும் இடைவெளியும்

இந்தோனேசியப் புள்ளியியல் நடுவம் வறுமைக் கோட்டை நுகர்வுச் செலவின் அடிப்படையில் வரைகிறது: ஒருவருக்கு நாளொன்றுக்கு 2100 கிலோகலோரி தரும் உணவின் செலவும், உணவல்லாத அடிப்படைத் தேவைகளின் செலவும் சேர்ந்தது அது. 2024 செப்டம்பரில் இக்கோடு ஒருவருக்கு மாதம் 5,95,242 ரூபியா. அதற்குக் கீழிருந்தோர் மக்கள்தொகையில் 8.57 விழுக்காட்டினர். ஜகாத்தின் எல்லையோ 85 கிராம் தங்கத்தின் மதிப்பு; அதனை எட்டியவர் 2.5 விழுக்காடு கொடுக்கக் கடமைப்பட்டவர்.

இவ்விரு கோடுகளும் ஒன்றல்ல. முன்னது ஏழை எவர் என்கிறது. பின்னது கொடுக்கவேண்டியவர் எவர் என்கிறது. இரண்டுக்கும் இடையில் ஏழையென எண்ணப்படாத, கொடுக்கவும் கடமையில்லாத மக்கள் உள்ளனர். ஒரு நோயோ ஒரு பயிரழிவோ அவர்களைக் கோட்டுக்குக் கீழே தள்ளப் போதும். இவ்விடைவெளியைக் கருதியே தேசிய ஜகாத் வாரியம் உணவு, உடை, உறைவிடம், வழிபாடு, கல்வி, உடல்நலம், போக்குவரத்து ஆகியவற்றை உள்ளடக்கிய 'போதுமை எல்லை' ஒன்றை வகுத்துள்ளது. யோக்யகர்த்தா மாநிலம் இவ்வினாவுக்கு ஏற்ற ஆய்வுக்களமாகும். மனித வளர்ச்சிக் குறியீட்டில் ஜகார்த்தாவுக்கு அடுத்த இடத்தில் உள்ள அங்கு வறுமை விகிதம் நாட்டின் சராசரியைவிட மிகுதி. ஒரே மாநிலம் ஓர் அளவுகோலால் முன்னணியிலும் மற்றோர் அளவுகோலால் பின்னடைந்தும் காணப்படுகிறது.

ஆன்மிக வறுமையை அளத்தல்

இர்ஃபான் சியாவ்கி பெய்க், லைலி த்வி அர்சியாந்தி ஆகிய பொருளியலாளர்கள் வகுத்த மாதிரி மேலும் ஒரு படி செல்கிறது. பொருள் வறுமையோடு ஆன்மிக வறுமையையும் அது அளக்கிறது. தொழுகை, நோன்பு, ஜகாத், குடும்பச் சூழல், அரசின் கொள்கை ஆகிய ஐந்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இட்டு, குடும்பங்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது. இவ்வாறு, பொருளால் நிறைந்தும் ஆன்மிகத்தால் வறிய குடும்பம் என்ற வகை கணக்கில் இடம்பெறுகிறது.

வளர்ச்சி என்பது வருமானம் மட்டுமன்று என்ற நிலைப்பாட்டை இம்மாதிரி வலியுறுத்துவது ஏற்கத்தக்கது. எனினும் முறையியல் நோக்கில் ஓர் இடர் உண்டு. உதவி வழங்கும் நிறுவனமே வழிபாடு பற்றி வினவும்போது, உதவியை எதிர்நோக்கும் ஏழை தம் ஒழுகலாற்றை உயர்த்திக் கூறக்கூடும். அம்மதிப்பெண் உதவி பெறுவோரைத் தெரிவுசெய்யும் கருவியானால், ஏழை தம் தேவையோடு தம் பக்தியையும் மெய்ப்பிக்க வேண்டிய நிலை உருவாகும். ஜகாத் பெறும் எட்டு வகையினருள் முதல் இரு வகையினரான வறியோரும் ஏழைகளும் தேவையால் வரையறுக்கப்பட்டவர்கள் என்பதை இங்கு நினைவில் கொள்ளல் வேண்டும். இத்தகைய குறையை இனங்காண்பதற்குப் புள்ளியியலும் வேண்டும், சமயநூல் அறிவும் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. சமயப் பாடம் நாடெங்கும் கட்டாயமாதலின், அது இப்படிப்பின் அடையாளம் ஆகாது. ஜகாத்தின் வரித் தொடர்பு, பயன் மதிப்பீடு, வறுமை அளவீடு ஆகியவை பொருளியலும் சமயமரபும் சந்திக்கும் இடங்கள். அங்கு எழும் வினாக்களை ஒரு துறையின் அறிவு மட்டும் கொண்டு தீர்த்தல் அரிது. சமய நிறுவனம் நல்நோக்குடையது என்பதால் அதன் பயனை அளக்காமல் விடுவதும், அளக்க இயலும் என்பதால் அனைத்தையும் எண்ணாக்குவதும் ஒருங்கே தவிர்க்கத்தக்கவை. இவ்விரு எல்லைகளையும் உணர்ந்த பட்டதாரியை உருவாக்கும் அளவுக்கே இப்படிப்பின் பெயரும் அதனை வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயரும் ஒன்றோடொன்று பொருந்தும்.